நாலு நம்பர் சீட்டின் பின்பக்கம்

எல்லாவற்றையும் பங்கு போட்டாயிற்று.
ஈசூன் நாலறை வீட்டை விற்று
வீவக கடன் போக, சேமநிதி போக
மிஞ்சியதில் பாதிப் பாதி.
சோபா அவருக்கு. சலவை இயந்திரம் எனக்கு.
பையன் வாரநாளில் என்னோடு,
தீபாவளி மட்டும்
ஒற்றைப்படை வருஷம் எனக்கு, இரட்டைப்படை அவருக்கு
என்று வக்கீல் சுந்தரவல்லி
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார்.

ஆட்டுக்கறிப் பிரட்டலைப் பற்றி
எந்தப் பத்தியிலும் இல்லை.

அது அவர் வீட்டுக் கறி.
செம்பவாங் கப்பல் பட்டறையில்
மாமனார் தங்கையாவும் அவர் கூட்டாளி பாக் ஹம்சாவும்
இரவு ஷிஃப்டில் வாய்ச்சண்டை போட்டே உண்டாக்கியது.
இவர் பக்கத்துச் சோம்பும் மிளகும்,
அவர் பக்கத்துப் புவா கிராஸும்
முடிச்சுப் போட்ட ரம்பை இலையும்.
கல்யாணமாகி வந்த முதல் தீபாவளிக்கு
மதியழகன் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்,
தாள் கிடைக்காமல்
நாலு நம்பர் சீட்டின் பின்பக்கத்தில்.
முன்பக்கம் 3817.
விழவில்லை.
விழுந்திருந்தால் சீட்டைக் கொடுத்துக் காசு வாங்கியிருப்போம்,
கறி போயிருக்கும்.

இது இரட்டைப்படை வருஷம்.
தேக்காவில் வரிசையில் நின்று
அரைக் கிலோ போதும் என்றேன்.
பஷீர் பாய் நிமிரவே இல்லை,
பதினேழு வருஷப் பழக்கத்தில்
இரண்டு கிலோவை வெட்டித் தள்ளிவிட்டார்.
வேண்டாமென்று சொல்ல
பின்னால் நின்ற கூட்டம் விடவில்லை.

விடியற்காலை நாலரை.
தலையில் எண்ணெய், தோளில் துண்டு.
ஃபோன்.

"முழிச்சிருக்கியா?"
"தீபாவளிக்கு யாரு தூங்குவா?"
"புவா கிராஸ் எத்தன?"

பின்னால் குக்கர் விசில்,
மிளகாய் நெடியில் ருத்ரேஷ் இருமுகிற சத்தம்.
சுவர் மாறினாலும் அந்த இருமல் மாறவில்லை.

"ஆறுன்னுதானே சொன்னீங்க அன்னைக்கு."
"ஆறுதான் போட்டேன்.
நல்லா இருக்குன்னுதான் சொல்றான்.
ஆனா நம்ம கறி இல்லப்பாங்கிறான்."

சீட்டை எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்தேன்.
ஆறு. என் கையெழுத்துதான்.
பொய் சொல்ல நல்ல நேரம் அது.
இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் என்று
சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருக்கலாம்.

"ஒன்பது போடுங்க" என்றேன்.
"எறக்குறதுக்கு முன்ன கூலா மெலாக்கா,
சுண்டுவிரல் நுனி அளவு."

"அது அப்பா கறியில கெடையாதே."
"கெடையாது."
"எப்பருந்து?"
"ரெண்டாவது தீபாவளிலேருந்து."

குக்கர் இரண்டு முறை கத்தி ஓய்ந்தது.

"அந்த வருஷந்தான் அப்பா
ரெண்டாவது தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டு,
மருமகளுக்கு என் கை அப்படியே வந்திருக்குன்னாரு."

"ஆமா. நானும் பக்கத்துலதான் நின்னேன்."

சிரித்தாரா, மூச்சு விட்டாரா தெரியவில்லை.
வைத்துவிட்டார். ஒரு நன்றியும் இல்லை.
எண்ணெய் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

குளித்து, விளக்கேற்றி,
சுவா சூ காங் ஈரறை வீட்டின் ஒற்றை அடுப்பில்
முதல் தடவையாக
சீட்டில் உள்ளபடியே சமைத்தேன்.
ஆறுதான். இனிப்பு இல்லை.
கை இரண்டு தரம் டப்பாவுக்குப் போனது, இழுத்துக்கொண்டேன்.
அந்தக் கிழவர் இத்தனை நாளும்
எதைத்தான் விட்டுக்கொடுத்துவிட்டு
என்னைப் புகழ்ந்தார் என்று பார்க்க வேண்டும்.

சட்டியோரத்தில் ஒரு விரல் தொட்டு வாயில் வைத்தேன்.
முரட்டுக் கறி.
மிளகு முன்னால் வந்து நிற்கிறது,
எலும்பு எலும்பாகவே இருக்கிறது.
மோசமில்லை.

எதிர்வீட்டு ரோஹானி அக்காவுக்கு ஒரு பெரிய கிண்ணம்.
"ஹலால் கடைக் கறிதான்" என்றதும்
"தெரியும், நேத்தே பை பார்த்தேன்" என்று சிரித்தாள்.
பத்தரைக்கு அவளே கதவைத் தட்டி,
கழுவாத கிண்ணத்தோடு,
இன்னும் இருக்கா என்றாள்.
இருந்தது.
ஒன்றரைக் கிலோ இருந்தது.